நடுக்குரல்

எங்கள் ஊர்ச் சிற்றாலயத்தில் ஒரு ஆர்கன் இருக்கிறது. எலி அதன் தோல் துருத்தியைத் தின்று ஏப்பம் விட்டதிலிருந்து, மேலே பூச்சாடி வைக்கத்தான் அது பயன்படுகிறது. அதனால் வாத்தியம் இல்லாமலே பாடுகிற பாடகர் குழு எங்களுடையது. குழு என்றால் மூன்று பெண்கள். மருந்துக்கடைக்காரி மேல்குரல், பாட்டின் மெட்டு அவளுடையது, அதோடு சேர்ந்து வருகிற திமிரும் அவளுடையது. தையல்கடை வைத்திருக்கிற நான் கீழ்க்குரல். நடுக்குரல் தந்தி.

தந்தி என்பது பட்டப்பெயர். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு. தபால் போய்ச் சேர்வதற்கு முன்னால் சேதி அவள் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். அவள்தான் செத்துப்போனாள். மத்தியானம் யாருடைய பார்சலுக்கோ முத்திரை குத்திவிட்டு, "கொஞ்சம் தலை சுத்துது" என்று ஸ்டூலில் உட்கார்ந்தாளாம். அவ்வளவுதான். நாலு பேரிடம் சொல்லாமல் எதையும் செய்யாதவள், இதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் செய்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

எனக்கும் மருந்துக்கடைக்காரிக்கும் நாலைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் மகள் கல்யாணத்துக்கு வெள்ளைக் கவுன் தைத்தது நான். அளவெடுத்த அன்றைக்கு அந்தப் பெண் சரியாகத்தான் இருந்தாள். அதற்கப்புறம் கல்யாண சந்தோஷத்தில் கேக்கும் பன்னுமாக உள்ளே தள்ளியிருக்கிறாள். மோதிரம் மாட்டக் கையை நீட்டினாள் பாருங்கள், அக்குளிலிருந்து இடுப்பு வரை தையல் டர்ரென்று போயிற்று. சிற்றாலயம் முழுக்கக் கேட்டது. மருந்துக்கடைக்காரி எல்லார் முன்னாலும் திரும்பி நின்று, "இதுக்குத்தான் டவுன்ல குடுக்கலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள். நான் சும்மா இருப்பேனா? "பொண்ணு வாயைத் தைக்கச் சொல்லியிருந்தா அதையும் தைச்சுக் குடுத்திருப்பேன்" என்றேன். என் அளவு சரி. இன்றைக்கும் இஞ்சுடேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்வேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாடித்தானே ஆக வேண்டும்? ஒரே பெஞ்சு. நடுவில் தந்தி. நான் அவளிடம், "மூணாவது சரணத்துல கத்தித் தொலைக்க வேண்டாம்னு சொல்லு அவகிட்ட" என்பேன். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது கேட்காமலா இருக்கும்? இருந்தாலும் தந்தி ஒழுங்காக அந்தப் பக்கம் திரும்பி, "மூணாவது சரணத்துல உன் குரல் ரொம்ப நல்லா எடுக்குதாம், மத்தவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கணுமாம்" என்பாள். அவள், "தையல்காரிக்குக் காதும் போச்சான்னு கேளு" என்பாள். தந்தி இந்தப் பக்கம் திரும்பி, "உன் உடம்புக்கு எப்படியிருக்குன்னு விசாரிக்கிறா" என்பாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. நாங்கள் இரண்டு பேரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்ப்போம். சண்டை ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளதைச் சொன்னால், வாரத்தில் எனக்குப் பிடித்த நேரமே அதுதான்.

அடக்கத்தன்று நானும் மருந்துக்கடைக்காரியும் குழிக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்றோம். பாடச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் வாய் எழும்பவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனோம்.

தந்தியின் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும், அப்படிப்பட்ட மனிதர். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசித் தீர்த்துவிடுவாள். அவர் ஒருநாள் என் கடைக்கு வந்தார். தைக்கக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. மேஜையில் கிடந்த துண்டுத்துணிகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார். அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினார்.

"தங்கச்சி, சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு நினைவு ஆராதனை வெச்சிருக்கு. நீங்க பாடணும்."

"ஒத்தையில நான் என்னத்தண்ணே பாடறது?"

"ரெண்டு பேருமா."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். அவங்களும் இதேதான் கேட்டாங்க, 'அவகிட்ட கேட்டீங்களா'ன்னு."

"எந்தப் பாட்டு?"

"ஆராதனை முடிஞ்சு கலையும்போது பாடுவீங்களாமே, அது. அவ எப்பவும் பாடிக்கிட்டிருப்பா." துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இன்னொரு தடவை அதைக் கேக்கணும் தங்கச்சி. வேற ஒண்ணும் வேணாம்."

நான் சரி என்றேன். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"அவங்க ஞாயித்துக்கிழமை கிளம்புறாங்களாம். கடையைக் குடுத்துட்டாங்க. பொண்ணு வீட்டோட போய் இருக்கப்போறாங்க."

அவர் போன பிறகு ஒரு காலர் தைத்தேன். தைத்து முடித்துப் பார்த்தால் உட்புறம் வெளியே இருந்தது. போகட்டும், விட்டது சனியன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைப்பு ஒட்டவில்லை. தந்தி போய்விட்டாள். இவளும் போய்விட்டால், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட ஊரில் ஒரு ஆள் இருக்காது. என்னிடம் சிரித்துப் பேசுகிறவர்கள் ஏராளம் பேர், துணி சீக்கிரம் கிடைக்க வேண்டுமே. என் மேல் கோபப்படுகிற அளவுக்கு என்னைத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் பாக்கி. கிளம்புவதற்கு முன்னால் அவள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நானாகப் போய்ப் பேசுவதா? நல்ல கதையாக இருக்கிறதே!

வெள்ளிக்கிழமை போதகர் எங்களை ஒத்திகைக்குக் கூப்பிட்டார். ஊருக்குப் புதிதாக வந்த இளம் போதகர். பொய் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். அவர் வேலைக்கு அது நல்ல குணம்தான், எங்கள் வேலைக்கு உதவவில்லை.

நாங்கள் பெஞ்சில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். நடுவில் தந்தி உட்காரும் இடம் அப்படியே கிடந்தது. நான் பழக்க தோஷத்தில் அந்தப் பக்கம் திரும்பி, "எந்தச் சுருதியில எடுக்கப் போறான்னு கேளு" என்றேன். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. மருந்துக்கடைக்காரியும் பதிலுக்கு அந்த இடத்தைப் பார்த்து வாயைத் திறந்து, பேசாமல் மூடிக்கொண்டாள். போதகர் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் கேக்கறேன்க்கா," என்று அவள் பக்கம் திரும்பினார். "எந்தச் சுருதின்னு கேக்கறாங்க."

"எப்பவும் எடுக்குற சுருதிதான். அதுக்குள்ள மறந்துபோச்சாமா? மறதிக்கு என் கடையில மாத்திரை இருக்குன்னு சொல்லுங்க."

போதகர் என் பக்கம் திரும்பினார். "மறதிக்கு அவங்க கடையில மாத்திரை இருக்காம்."

அப்படியே சொல்கிறார்! ஒரு எழுத்தை மாற்றாமல், மனசாட்சியோடு! எனக்குச் சுருசுருவென்று ஏறியது.

"கடையைத்தான் தூக்கிக் குடுத்தாச்சே, மாத்திரைய எங்க இருந்து எடுப்பாளாம்? ஊரை விட்டு ஓடுறவளுக்கு வாய் மட்டும் குறையலைன்னு சொல்லுங்க."

போதகர் அவள் பக்கம் திரும்பினார். "கடையைத்தான் குடுத்துட்டீங்களாமே. ஊரை விட்டு ஓடுறவங்களுக்கு..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்ல முடியாமல் திருதிருவென்று விழித்தார்.

மருந்துக்கடைக்காரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஓடத்தான் போறேன். 'போகாதே'ன்னு சொல்ல இந்த ஊர்ல யாருக்காவது வாய் வந்துச்சான்னு கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டு நிற்கவில்லை. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

போதகர் கடமை தவறாதவர். என் பக்கம் திரும்பி, "அக்கா, அவங்க என்ன கேட்டாங்கன்னா..." என்றார்.

"கேட்டுச்சு பாஸ்டர். எனக்கும் காது இருக்கு."

தந்தி இருந்திருந்தால் அதை எப்படி மாற்றிச் சொல்லியிருப்பாள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அதில் மாற்ற ஒன்றுமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு வேலை வைக்காத ஒரு சேதி. ஓடிப்போய் மருந்துக்கடைக்காரியின் கதவைத் தட்டியிருக்கலாம். கால் அந்தத் தெருமுனை வரை போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. எனக்கு வாய்த்த கால் அப்படி.

ஆக, ஒரு வரிகூடப் பாடாமல் ஒத்திகை முடிந்தது. மேல்குரலும் கீழ்க்குரலும் மட்டும் பாடினால் அது பாட்டாகாது, முதுகு வைக்காமல் தைத்த சட்டை மாதிரி இருக்கும். மெட்டை அவள் பாடிவிடுவாள். என் கீழ்க்குரல் காணாமல் போனால் யாரும் தேடப்போவதில்லை. தந்தியின் இடம்தான் காலியாக இருக்கக் கூடாது. நடுக்குரலை நான் பாடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கு மெஷினை மிதித்துக்கொண்டே பாடிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் காதில் விழுந்த குரல்தான். தனியாகப் பாடும்போதுதான் அதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. ஒரே இடத்தில் நிற்கிறது. எப்போதாவது அரைப்படி மேலே, அரைப்படி கீழே, திரும்பவும் அதே இடம். "இதையாடி இத்தனை வருஷம் அலுக்காமப் பாடினே?" என்று வாய்விட்டே கேட்டேன். மேலே மருந்துக்கடைக்காரி ஆட, கீழே நான் ஆட, இரண்டு பேரும் இடித்துக்கொள்ளாமல் இவள் நடுவில் நின்றிருக்கிறாள். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

இப்படிப் பாடப்போகிறேன் என்று மருந்துக்கடைக்காரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம்தான். யாரிடம் சொல்லி அனுப்புவது? போதகரிடமா? நல்லாயிருக்கும்!

சனிக்கிழமை ஊரே வந்திருந்தது. தந்தியின் வாயில் விழாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. அந்த வாய் நிஜமாகவே மூடிக்கொண்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வந்தவர்கள் மாதிரி எல்லாரும் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். ஆர்கன் மேலே பூச்சாடியை நகர்த்திவிட்டு அவள் படத்தை வைத்திருந்தார்கள். அலுவலக அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். போட்டோ எடுத்தவரிடம் ஏதோ சொல்ல வந்து, வாய் பாதி திறந்திருந்தது. அண்ணன் ஓட்டுநர் சீருடையை விட்டு ஒரு முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். நான் தைத்ததுதான். தோள்பட்டை சரிந்து தொங்கியது. மனுஷன் அவ்வளவு இளைத்திருந்தார்.

போதகர் பேசினார். "இந்தச் சகோதரி அதிகம் பேசாதவர் என்று என்னால் சொல்ல முடியாது" என்று ஆரம்பித்ததும் சபையில் கசகசவென்று சிரிப்பு எழுந்தது. அண்ணன்கூடத் தலையை ஆட்டினார். பிறகு எங்களைப் பாடச் சொன்னார்.

எழுந்து நின்றோம். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம். மருந்துக்கடைக்காரி மூச்சை இழுத்தாள், நானும் இழுத்தேன், ஆரம்பித்தோம்.

முதல் வரியில் என் காதுதான் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் புரிந்தது. அந்த மகராசியும் நடுக்குரலைத்தான் பாடுகிறாள்! என்னைப் போலவே யோசித்திருக்கிறாள், என்னைப் போலவே ஒருத்தருக்கும் சொல்லாமல். மெட்டு எங்கேயோ அனாதையாகப் போய்விட்டது. ஊருக்கே மனப்பாடமான பாட்டு. வார்த்தைகள் எல்லாம் அதே வார்த்தைகள், பாட்டை மட்டும் காணோம். முன்வரிசையில் இருந்த எங்கள் ஊர்ப் பல் டாக்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டித் தேட ஆரம்பித்தார். போதகர் கூரையைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். நான் ஓரக்கண்ணால் முறைத்தேன்: நீ உன் மெட்டுக்குப் போ. அவள் பதிலுக்கு முறைத்தாள்: நீ கீழே இறங்கு. இரண்டு பேரும் அசைவதாக இல்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டே முதல் சரணத்தைப் பாடி முடித்தோம்.

இரண்டாவது சரணத்தில் எனக்குப் பெருந்தன்மை பிறந்தது. சரி, அவளே பாடிக்கொள்ளட்டும் என்று கீழ்க்குரலுக்கு இறங்கினேன். பிறந்ததுதான் பிறந்தது, அவளுக்கும் அதே நேரத்திலா பிறக்க வேண்டும்? அவள் மெட்டுக்கு ஏறிவிட்டாள். சனங்கள் அப்பாடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குத்தான் தாங்க முடியவில்லை. மேலே அவள், கீழே நான், நடுவில் யாருமில்லை. தந்தி இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குக் காதில் கேட்டது. குழிக்கருகில் வராத அழுகை இப்போது வந்து என் குரல் பிசிறியது. மேல்குரலும் பிசிறியதைக் கேட்டேன்.

சரணம் முடிந்ததும் அண்ணன் எழுந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் நிறுத்துங்க. மொதல்ல பாடினதையே பாடுங்க."

"அண்ணே, அது தப்பாப் பாடிட்டோம்ணே," என்றாள் மருந்துக்கடைக்காரி. அவள் முகம் சிவந்திருந்தது.

"தப்பில்லைம்மா. அதான் பாட்டு. பாத்திரம் கழுவும்போது அதைத்தான் பாடுவா. எனக்குப் பொத்தான் தைக்கும்போது, துணி காயப்போடும்போது, எப்பவும் அதேதான். ஞாயித்துக்கிழமையும் எனக்கு டூட்டி, இங்க வந்து நீங்க பாடி நான் கேட்டதே இல்லை." அவர் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவதாப் பாடினீங்களே, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது எனக்குத் தெரியாத பாட்டு. அதுல அவ இல்லை."

அண்ணன் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் இருமல் நின்றுபோயிற்று. பல் டாக்டர் புத்தகத்தை மூடினார்.

மூன்றாவது சரணம் பாக்கியிருந்தது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். யாராவது ஒருத்தி கேட்காமல் அது நடக்காது. நான் அவளைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீரோடும், விறைத்த கழுத்தோடும் நின்றுகொண்டிருந்தாள். இவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அண்ணன் இன்னும் உட்காராமல் காத்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி எடுக்கட்டும்?" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் சட்டென்று திரும்பினாள். போதகர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். நல்லவேளை, மூடிக்கொண்டார்.

"நீ எடு, நான் சேந்துக்கறேன்," என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்தே. "கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து வா. அங்க நின்னா எனக்குக் கேக்காது."

நகர்ந்தேன். அவளும் நகர்ந்தாள். தோளோடு தோள் இடித்தது. மெட்டே இல்லாத அந்த மூன்றாவது சரணத்தை இரண்டு பேரும் ஒரே குரலில் பாடினோம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார். பாட்டே வராத மனுஷன், ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே தேநீர் குடிக்கப் போனார்கள். நாங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். போதகர் எட்டிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

"நாளைக்கே போறியா?"

"வண்டி சொல்லியாச்சு."

"போகாதேன்னு சொன்னா?"

"சொல்லித்தான் பாரேன்."

"போகாதே."

"எருமை! சாமானெல்லாம் கட்டி முடிச்சப்புறமா சொல்றது?" என்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். நிஜமாகவே வலித்தது. "போயிட்டு வர்றேன்டி. ஒரேயடியாவா போறேன்? நீயும் போன் பண்ணலாம், கை ஒண்ணும் தேஞ்சுடாது."

"நீ பண்ணு. நீதான போறவ."

"சரி, நானே பண்றேன், போ."

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. எங்களுக்குள் எந்தச் சேதியும் தந்தி மூலமாகத்தான் போகும் வரும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான். ஒரே ஒரு சேதி மட்டும், கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லாமல் என்னிடமே கிடந்தது. அவளிடமும் அப்படித்தான் கிடந்திருக்க வேண்டும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்டி."

"என்ன?"

"நம்ம தந்தி செத்துப்போயிட்டாடி."

அவளுக்குத் தெரியாததா? குழிக்கு அந்தப் பக்கம் நின்றவள்தானே? ஆனாலும் அப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல என்னையே பார்த்தாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"ஐயோ," என்றாள். "எப்படிடீ?"

நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.